துபாயை எந்த வரிசையில் பார்ப்பது?

துபாய்ச் சுற்றுலா என்று விற்கப்படுவதெல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. முதல் நாள் புர்ஜ் கலீஃபா, கையோடு துபாய் மால். மறுநாள் பாலைவன சஃபாரி. அப்புறம் படகில் ஒரு இரவு விருந்து, பாம் ஜுமெய்ரா என்ற செயற்கைத் தீவு, ஒரு பூங்கா, கடைசி நாள் கடைத்தெரு, விமானம். போய் வந்தவர்களைக் கேட்டால் "எல்லாமே பெரிசு பெரிசா இருக்கு" என்பார்கள். பொய் இல்லை. ஆனால் ஆறு இல்லாத, மழை இல்லாத, கோடையில் வெளியே தலைகாட்ட முடியாத ஒரு இடத்தில் முப்பத்தைந்து லட்சத்துக்கும் அதிகமான மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற கேள்வி இந்தச் சுற்றில் எங்கும் வருவதில்லை. அந்தக் கேள்வியோடு போனால் அதே இடங்கள் வேறு மாதிரி தெரியும். பார்க்கும் வரிசையும் மாறிவிடும்.

"எண்ணெய்ப் பணம்" என்று சொல்லி நாம் இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். துபாயும் சேர்ந்த ஐக்கிய அரபு அமீரகத்தின் எண்ணெயில் பெரும்பங்கு, அதன் இன்னொரு உறுப்பான அபுதாபிக்குச் சொந்தம். துபாய்க்கு அருகே கடலுக்கடியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1966-இல். முதல் கப்பல் 1969-இல் புறப்பட்டது. 1991-இல் உற்பத்தி உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. இன்று துபாயின் பொருளாதாரத்தில் எண்ணெயின் பங்கு நூற்றில் இரண்டைக்கூட எட்டாது. கிடைத்த கொஞ்ச எண்ணெயும் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று முன்பே தெரிந்திருந்ததால், அந்தப் பணத்தைத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் போட்டார்கள். 1972-இல் ரஷீத் துறைமுகம், 1979-இல் ஜெபல் அலி துறைமுகம், 1985-இல் அதை ஒட்டிய வரியில்லா வணிக வளாகம், அதே ஆண்டு எமிரேட்ஸ் விமான நிறுவனம். அடிப்படையில் இது ஒரு வியாபாரிகளின் ஊர். எண்ணெய் நடுவில் வந்த ஒரு நல்ல லாட்டரிச் சீட்டு, அவ்வளவுதான். வியாபாரம் தொடங்கிய இடம் க்ரீக். பார்ப்பதையும் அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

க்ரீக் என்பது கடல்நீர் நிலத்துக்குள் பாம்பு போல வளைந்து புகுந்திருக்கும் உப்பங்கழி. ஒரு கரையில் பர் துபாய், எதிர்க்கரையில் தேரா. நடுவில் 'அப்ரா' எனப்படும் மரப்படகுகள் ஓடுகின்றன. பயணக் கட்டணம் ஒரு திர்ஹம். துபாயில் ஒரு திர்ஹமுக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. பெரிய படகில் விளக்குப் போட்டு சாப்பாடு பரிமாறும் இரவுச் சுற்றுக்கு நூறு திர்ஹமுக்கு மேல் கொடுப்பதற்குப் பதில், மாலை ஐந்தரை மணிக்கு அப்ராவில் இரண்டு முறை அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வரலாம். உடன் வருபவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் மலையாளிகள், வங்காளிகள், பாகிஸ்தானியர், தமிழர்.

இந்த நீர்வழி முன்பு மணல் சேர்ந்து தூர்ந்துகொண்டே இருந்தது. பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நிற்க, சிறு படகில் சரக்கை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. 1958-இல் ஆட்சிக்கு வந்த ஷேக் ரஷீத் பின் சயீத் அல் மக்தூம் முதலில் கைவைத்தது இதில்தான். வியாபாரிகளிடம் கடன் பத்திரம் விற்றும் குவைத்திடம் கடன் வாங்கியும் க்ரீக்கைத் தூர்வாரினார். எண்ணெய் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நடந்த காரியம் இது. கடன் வாங்கி முதலில் வசதியைக் கட்டு, வியாபாரம் பின்னால் வரும் என்ற துபாயின் பாணி இங்கே தொடங்கியது. பின்னாளில் அந்தப் பாணி ஒருமுறை காலை வாரவும் செய்தது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

தேரா கரையில் இன்றும் மரக்கலங்கள் வரிசையாக நிற்கும். குளிர்சாதனப் பெட்டி, டயர், சமையல் எண்ணெய் டின், மெத்தை என்று நடைபாதையிலேயே சரக்கு குவிந்திருக்கும். ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகிறவை இவை. காட்சிக்கு வைத்தவை அல்ல, வேலை நடக்கும் கப்பல்கள். நுழைவுச்சீட்டும் கிடையாது. எந்த அருங்காட்சியகத்தையும்விட எனக்கு இது பிடித்த இடம்.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் மசாலாச் சந்தையும் தங்கச் சந்தையும். மசாலாச் சந்தையைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடலாம். மிளகும் பட்டையும் ஏலக்காயும் நமக்குப் புதிதல்ல. ஈரானியக் குங்குமப்பூவும் உலர்ந்த எலுமிச்சையும் வேண்டுமானால் பார்க்கலாம். தங்கச் சந்தையில் நின்று பார்க்க வேண்டியது கண்ணாடிக்குள் தொங்கும் மார்க்கவசம் போன்ற நகைகளை அல்ல. அந்தச் சந்தை அங்கே எப்படி வந்தது என்பதில்தான் நம் பங்கும் இருக்கிறது.

வளைகுடாவின் பழைய தொழில் முத்துக்குளிப்பு. 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. அதே காலத்தில் ஜப்பானில் வளர்ப்பு முத்து வந்தது. இரண்டும் சேர்ந்து அந்தத் தொழிலைக் கொன்றுவிட்டன. அதன் பிறகு துபாயைத் தூக்கி நிறுத்தியதில் இந்தியாவின் தங்க ஆசைக்குப் பெரிய பங்கு உண்டு. சுதந்திரத்துக்குப் பின் இந்தியா தங்க இறக்குமதியைத் தடுத்தது. 1968-இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. துபாய்ச் சட்டத்தில் தங்கம் வாங்குவதும் படகில் ஏற்றுவதும் குற்றமே இல்லை. பத்துத் தோலா (தோலா ஒரு பழைய எடையளவு) தங்க பிஸ்கட்டுகளாக ஏற்றிக்கொண்டு மரக்கலங்கள் பம்பாய்க் கரைக்கு வெளியே வரை போகும், மீன்பிடிப் படகுகள் வந்து வாங்கிக்கொள்ளும். இங்கே கடத்தல் என்று பெயர்பெற்றது அங்கே ஏற்றுமதிக் கணக்கில் எழுதப்பட்டது. 1990-இல் இந்தியா அந்தச் சட்டத்தை நீக்கிய பிறகு அந்தக் கதை மெல்ல ஓய்ந்தது.

அந்தக் காலத்தில் துபாயில் செல்லுபடியான பணமும் நம் ரூபாய்தான். 1959 வரை சாதாரண இந்திய ரூபாய். அதன் பிறகு வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி வேறு நிறத்தில் அச்சிட்ட ரூபாய். 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோதுதான் அவர்கள் கழற்றிக்கொண்டார்கள். திர்ஹம் வந்தது 1973-இல்.

சரி, வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நகைக்கு 5 சதவீத மதிப்புக்கூட்டு வரி உண்டு; சுற்றுலாப் பயணிகள் விமான நிலையத்தில் அதைத் திரும்பப் பெறலாம், அதற்கான ரசீதைக் கடையிலேயே கேட்டு வாங்க வேண்டும். சந்தையில் எழுதிப் போட்டிருக்கும் விலை தங்கத்துக்கு மட்டும்தான், பேரம் பேச இடமிருப்பது செய்கூலியில். இந்தியாவுக்குள் வரியின்றி நகை கொண்டுவரும் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்கானது. நான்கு நாள் சுற்றுலா போய் வருகிறவருக்கு அது பொருந்தாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சுங்கத்தில் மாட்டுகிறவர்கள் நிறைய.

க்ரீக்கைத் தாண்டி பர் துபாய் பக்கம் வந்தால் அல் ஃபஹீதி பழைய குடியிருப்பு. பஸ்தகியா என்ற பழைய பெயரையும் இன்னும் சொல்கிறார்கள். பாரசீகத்தின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்த வணிகர்கள் குடியேறிய இடம் என்பதால் அந்தப் பெயர். அவர்கள் வந்ததற்கும் வியாபாரமே காரணம். 1894-இல் துபாயின் ஆட்சியாளர் வெளியூர் வணிகர்களுக்கு வரிவிலக்கு கொடுத்தார். சில ஆண்டுகள் கழித்து எதிர்க்கரையில் பாரசீகம் தன் லிங்கே துறைமுகத்தில் சுங்க வரியை உயர்த்தியது. வணிகர்கள் மூட்டை கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். நூறாண்டு கழித்து உலகம் முழுவதிலுமிருந்து கம்பெனிகளை இழுக்கவும் துபாய் இதே தூண்டிலைத்தான் போட்டது.

இந்த வீடுகளில் கவனிக்க வேண்டியது கூரைக்கு மேல் எழும் சதுரமான காற்றுக் கோபுரங்கள். நான்கு பக்கமும் திறந்திருக்கும். உள்ளே குறுக்குச் சுவர் வைத்துப் பிரித்திருப்பார்கள். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அந்தப் பக்கத்துத் துளை பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கிவிடும், எதிர்ப்பக்கத்துத் துளை வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். அடியில் நின்று பாருங்கள், நடுப்பகலிலும் தலையில் காற்று படும். சுவர் பவளக்கல்லும் சுதையும். பவளக்கல்லில் நுண்துளைகள் அதிகம் என்பதால் வெப்பம் எளிதில் உள்ளே இறங்காது. சந்துகள் இரண்டு பேர் உரசிக்கொண்டு போகும் அகலம்தான், அதனால் எப்போதும் ஒரு பக்கம் நிழல். மின்சாரம் வருமுன் இந்த வெயிலை மனிதர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பது இங்கே தெரிந்துவிடும். கண்ணாடிக் கோபுரங்களைப் பார்க்கப் போவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

1980களில் இந்தக் குடியிருப்பில் ஏறக்குறையப் பாதியை இடித்துவிட்டார்கள். மீதியும் போயிருக்கும். அங்கே குடியிருந்த ஒரு பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் குரல் எழுப்பியதும், 1989-இல் வந்த இளவரசர் சார்லஸ் அக்கறை காட்டியதும் அதைக் காப்பாற்றின. உள்ளே ஷேக் முகம்மது பண்பாட்டுப் புரிதல் மையம் இருக்கிறது. அங்கே முன்பதிவு செய்து, தரையில் அமர்ந்து எமிராத்தி (அமீரகக் குடிமக்களின்) உணவு சாப்பிட்டபடி அந்த நாட்டுக்காரர் ஒருவரிடம் எந்தக் கேள்வியும் கேட்கலாம். துபாயின் மக்களில் எமிராத்திகள் பத்தில் ஒருவர் அளவுதான். ஒரு வாரம் சுற்றினாலும் அவர்களில் ஒருவரோடு நாலு வார்த்தை பேச வாய்ப்பு வராமலே போகலாம். அதனால் இந்தச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. பக்கத்திலிருக்கும் அல் ஃபஹீதி கோட்டை 1787-இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. ஊரின் மிகப் பழைய கட்டடம் அது. அதிலிருந்த அருங்காட்சியகம் பழுதுபார்ப்புக்காக நீண்ட காலம் மூடிக்கிடந்ததால், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். கரையோரமாகச் சற்று நடந்தால் வரும் ஷிந்தகா அருங்காட்சியகம் புதிது, க்ரீக்கின் கதையை அது நன்றாகவே சொல்கிறது.

பசித்தால் மீனா பஜார் அல்லது கராமா. இட்லி, தோசை, பிரியாணி எல்லாம் கிடைக்கும். ஆனால் அங்கே போயும் அதையே தேட வேண்டுமா என்பது என் எண்ணம். தெருவோரக் கஃபேட்டீரியாக்களில் கரக் சாய் ஒன்றிரண்டு திர்ஹமுக்குக் கிடைக்கும், ஏலக்காய் மணத்தோடு, கெட்டியாக. அந்தக் கடைகளை நடத்துவது பெரும்பாலும் மலையாளிகள். குடிப்பது எல்லா நாட்டுக்காரர்களும்.

பழைய ஊரிலிருந்து புதிய ஊருக்கு மெட்ரோவில் போவது நல்லது, டாக்ஸி வேண்டாம். 2009 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கிய இந்த ரயிலுக்கு ஓட்டுநர் இல்லை. அதனால் முனைப்பெட்டியின் முன்கண்ணாடி பயணிகளுக்கே கிடைக்கிறது. சிவப்புத் தடத்தில் ஷேக் ஸாயித் சாலை மேல் உயரத்தில் போகும்போது இரண்டு பக்கமும் கோபுர வரிசை விரியும். சுற்றுலாப் பேருந்து காட்டும் பாதி இதிலேயே வந்துவிடும். முனைப்பெட்டி பெரும்பாலும் 'தங்க வகுப்பு', அதற்கான 'நோல்' பயண அட்டை தனி. பெண்கள் பெட்டியில் தெரியாமல் ஆண்கள் ஏறினாலும், ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும், பபுள்கம் மென்றாலும் 100 திர்ஹம் அபராதம். நிஜமாகவே போடுவார்கள்.

அந்தப் பாதையில் உலக வர்த்தக மைய நிலையம் வரும். பக்கத்தில் தேன்கூடு போல இருக்கும் வெள்ளைக் கட்டடத்தை யாரும் படமெடுப்பதில்லை. 1979-இல் எலிசபெத் ராணி திறந்துவைத்த 39 மாடிக் கட்டடம் அது. பழைய 100 திர்ஹம் நோட்டில் இருக்கிறது. அது எழுந்தபோது சுற்றிலும் வெறும் மணல், ஊரைவிட்டு இவ்வளவு தூரத்தில் யார் வருவார்கள் என்று கேட்டார்கள். இன்று அதைச் சுற்றி நிற்பவற்றின் நடுவே தேட வேண்டியிருக்கிறது. அதைத் தாண்டினால் எதிர்கால அருங்காட்சியகம். நடுவில் ஓட்டை விழுந்த கண்போல இருக்கும் கட்டடம், 2022 பிப்ரவரியில் திறந்தது. அதன் தோல் முழுவதும் அரபி எழுத்துகள், அவையே சன்னல்கள். எழுத்து வடிவம் எமிராத்திக் கலைஞர் மத்தர் பின் லஹேஜ் செய்தது. வெளியே நின்று பார்ப்பதே பாதிப் பலன். உள்ளே போக நாள் கணக்கில் முன்பதிவு வேண்டும், உள்ளே இருப்பது வெளித்தோற்றம் அளவுக்கு அசத்துவதில்லை. 150 மீட்டர் உயர துபாய் ஃபிரேம் பக்கத்திலேயே ஸபீல் பூங்காவில். ஒரு பக்கம் பழைய ஊர், மறுபக்கம் புதிய ஊர் என்று சட்டம் போட்டுக் காட்டுகிறது. நேரமிருந்தால் போகலாம்.

இனி புர்ஜ் கலீஃபா. 828 மீட்டர், 160 மாடிகளுக்கு மேல், 2010 ஜனவரி 4-இல் திறப்பு. இந்த எண்கள் எல்லோருக்கும் தெரியும். கட்டியது எப்படி என்பது அதைவிடச் சுவையானது. பகல் வெயிலில் கான்கிரீட் ஊற்றினால் சமமாக இறுகாமல் வெடித்துவிடும். அதனால் கோடையில் இரவில், கலவையில் ஐஸ் கலந்து ஊற்றினார்கள். மேலிருந்து பார்த்தால் கட்டடத்துக்கு மூன்று சிறகுகள். ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. உயரப் போகப் போக ஒவ்வொரு சிறகும் வேறு வேறு மட்டத்தில் சுருங்குகிறது. அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. கட்டடத்தின் வடிவம் மாறிக்கொண்டே இருந்தால் காற்றுச் சுழல்கள் ஒரே தாளத்தில் சேர்ந்து தள்ள முடியாது, ஆட்டம் குறையும்.

ரமலானில் இதன் உயரம் ஒரு மார்க்கக் கேள்வியையும் கிளப்பியது. தரையில் சூரியன் மறைந்த பிறகும் மேல்மாடிக்காரர்களுக்கு அது தெரிகிறதே, நோன்பு திறக்கலாமா? 2011-இல் துபாய் மார்க்க அறிஞர்கள் பதில் சொன்னார்கள். 80-ஆவது மாடிக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150-க்கு மேல் இருப்பவர்கள் மூன்று நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

பெயரில்தான் முன்பு சொன்ன காலை வாரிய கதை இருக்கிறது. கட்டும்போது அதற்கு புர்ஜ் துபாய் என்று பெயர். கடன் வாங்கிக் கட்டிக்கொண்டே போன துபாயை 2008-இல் வந்த உலக நிதி நெருக்கடி பிடித்தது. 2009 நவம்பரில் அரசு நிறுவனமான துபாய் வேர்ல்ட் கடனைத் திருப்பிக் கட்ட அவகாசம் கேட்டது. டிசம்பரில் அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துத் தாங்கியது. அடுத்த மாதம் திறப்பு விழாவில் கோபுரத்துக்கு அபுதாபி ஆட்சியாளர் ஷேக் கலீஃபாவின் பெயர் சூட்டப்பட்டது. யாரும் விளக்கம் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை.

மேலே போவதென்றால் 124, 125-ஆம் தளங்களே போதும். 148-ஆம் தளத்தின் சீட்டு விலை மிகக் கூடுதல், காட்சி அந்த அளவுக்குக் கூடுவதில்லை. சூரியன் மறையும் நேரத்துச் சீட்டுக்குத் தனி விலை. காலையில் முதல் ஆளாகப் போனால் விலையும் குறைவு, தூசும் குறைவு. கீழே இருக்கும் துபாய் மாலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். அதை விவரிக்க எனக்குப் பொறுமை இல்லை. மீன்காட்சித் தொட்டியின் முன்பக்கத்தைச் சீட்டு வாங்காமலே பார்க்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பாம் ஜுமெய்ரா விமானத்திலிருந்து பார்க்கவே செய்தது. தரையில் நின்றால் அது ஒரு சாதாரண சாலை, இரண்டு பக்கமும் அடுக்குமாடி வீடுகள். ஈச்ச மர வடிவம் தெரிய வேண்டுமென்றால் அங்குள்ள கோபுரத்தின் 52-ஆம் மாடிக்குத்தான் ஏற வேண்டும். ஆனால் அதைக் கட்டிய விதம் தெரிந்து போனால் மோனோரயிலில் ஒருமுறை போய் வருவதும் அலுக்காது. பாலைவனத்தில் நின்றுகொண்டு, தீவு கட்ட மணலைக் கடலுக்கு அடியிலிருந்து அள்ளினார்கள். பாலைவன மணல் காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பானது. ஒன்றோடொன்று பிடிக்காது, நீரில் கொட்டினால் பரவிவிடும். அதனால் வளைகுடாவின் அடியிலிருந்து ஏறக்குறைய 9.4 கோடி கன மீட்டர் மணலைக் கப்பல்கள் உறிஞ்சி, வானவில் போல வளைத்துப் பீய்ச்சின. சுற்றிலும் 11 கிலோமீட்டருக்கு அலைதடுப்புக் கரை. முதலில் அதை முழுவதும் மூடிக் கட்டினார்கள். உள்ளே நீர் தேங்கிக் கெடும் அபாயம் தெரிந்ததும் இடையில் திறப்புகள் விட்டார்கள்.

தண்ணீருக்கு வருவோம். ஆண்டுக்குச் சராசரியாக 10 சென்டிமீட்டர் மழைகூட இல்லாத ஊர் இது. பழைய காலத்தில் உள்நாட்டுக் கிணறுகளிலிருந்து கழுதையில் ஏற்றி வந்து விற்றார்கள். இன்று குழாயில் வரும் நீரில் ஏறக்குறைய அத்தனையும் கடல்நீர். ஜெபல் அலியில் எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். அதில் வீணாகும் வெப்பத்தால் கடல்நீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். மின்சாரமும் குடிநீரும் ஒரே அடுப்பில். இப்போது சவ்வு வழியாக நீரை அழுத்திச் சுத்தம் செய்யும் முறைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் மெல்ல மாறி வருகிறார்கள். சாலையோரப் புல்லும் பூவும் குடிப்பது சுத்திகரித்த கழிவுநீர். மிராக்கிள் கார்டனில் கோடிக்கணக்கான பூக்களைப் பார்க்கும்போது, அடியில் ஓடும் சொட்டுநீர்க் குழாய்களையும் குனிந்து பாருங்கள். புர்ஜ் கலீஃபாவின் குளிர்சாதனங்களில் வடியும் நீரைச் சேர்த்துச் செடிகளுக்கு விடுவதும் இதே கணக்குதான்.

மழையே வராது என்று வடிகால் குறைவாக வைத்துக் கட்டிய ஊருக்கு 2024 ஏப்ரல் 16 ஒரு பாடம் எடுத்தது. ஓராண்டு மழைக்கும் மேல் ஒரே நாளில் கொட்டி, விமான ஓடுபாதை ஏரியானது. இதன் பிறகு பெரிய வடிகால் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள்.

சூரிய மின்சாரத்தைப் பற்றி அறிய விரும்புகிறவர்களுக்கு ஊருக்குத் தெற்கே பாலைவனத்தில் முகம்மது பின் ரஷீத் சூரியப் பூங்கா இருக்கிறது. கண்ணாடிகள் சூரிய ஒளியைக் குவிக்கும் 262 மீட்டர் கோபுரம் தொலைவிலிருந்தே வெள்ளைப் புள்ளியாக எரியும். பார்வையாளர் மையமும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குத் தீம் பார்க்கைவிட இதைச் சிபாரிசு செய்வேன். பிள்ளைகள் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

பாலைவன சஃபாரி என்று விற்பதில் பாதி, டயர் காற்றைக் குறைத்த ஜீப்பில் மணல்மேட்டில் ஏறி இறங்கி வயிற்றைக் கலக்குவது. மீதி, கூடாரத்தில் பஃபே சாப்பாடு, நடனம். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் ஜீப்பில் ஏறவே கூடாது. பாலைவனத்தையே பார்க்க வேண்டுமென்றால் 2003-இல் அமைத்த துபாய் பாலைவனப் பாதுகாப்பு வனம் இருக்கிறது. 225 சதுர கிலோமீட்டர், அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் வழியாகத்தான் போக முடியும், விலையும் கூடுதல். காட்டில் அற்றுப்போய் வளர்ப்பிலிருந்து மீட்கப்பட்ட அரேபிய ஓரிக்ஸ் மான்கள் அங்கே திரிகின்றன. அப்புறம் ஃகாஃப் மரம். வேரை மிக ஆழத்துக்கு இறக்கி நீர் தேடும் அந்த மரம் அமீரகத்தின் தேசிய மரம். செலவில்லாமல் பார்க்க, க்ரீக் முடியும் இடத்திலுள்ள ராஸ் அல் கோர் சரணாலயம். குளிர்காலத்தில் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) சேற்றில் கூட்டமாக மேயும், பின்னணியில் கோபுரங்கள் தெரியும். ஒரு நாள் முழுதாகக் கையில் இருந்தால் ஹஜர் மலையிலுள்ள ஹத்தாவுக்குப் போகலாம். அதுவும் துபாய்தான். அணைக்கட்டு நீரில் துடுப்புப் படகு ஓட்டலாம்.

சில விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்பக் கூடாது. பெட்டியில் மசாலாப் பொருள் எடுத்துப் போகிறவர்கள் கசகசாவைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அங்கே அது போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது, சிறை வரை போகும். வலி மாத்திரை, இருமல் மருந்து, தூக்க மாத்திரைகளில் சிலவற்றுக்கு முன்அனுமதி தேவை. மருத்துவர் சீட்டு கையில் இருக்கட்டும். கேட்காமல் அடுத்தவரைப் படமெடுப்பது குற்றம், குறிப்பாகப் பெண்களை. கண்ட இடத்தில் சாலையைக் கடந்தால் அபராதம் 400 திர்ஹமில் தொடங்கும். வாட்ஸ்ஆப்பில் செய்தி போகும், அழைப்பு பொதுவாகப் போகாது. ஊருக்குப் பேச அங்கே அனுமதித்திருக்கும் செயலிகளில் ஒன்றை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். விடுதிகளில் அறை வாடகையோடு ஒரு இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை தனிக் கட்டணம் வாங்குவார்கள், அது மோசடி அல்ல.

போவதற்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பிற்பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அரசே சட்டம் போட்டிருக்கிறது. அந்தக் கோபுரங்களைக் கட்டிய நம் ஊர் ஆட்களுக்காக வந்த சட்டம் அது. வெயில் எப்படியிருக்கும் என்று கணிக்க வேறு அளவுகோல் வேண்டாம். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது மட்டுமில்லை, கடலோர ஈரமும் சேர்ந்து மூச்சு முட்டும்.

பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்றால் நாளைத் திருப்பிப் போடுங்கள். காலை எட்டு மணிக்குள் அல் ஃபஹீதி, பகல் முழுவதும் மெட்ரோ, அருங்காட்சியகம், மால், வேண்டுமானால் உள்ளரங்கப் பனிச்சறுக்குத் திடல். இருட்டிய பிறகு க்ரீக், சந்தைகள். ஜுமெய்ராவிலும் உம் சுக்கைமிலும் இரவில் குளிக்கவென்றே விளக்குப் போட்ட கடற்கரைகள் இருக்கின்றன, கட்டணம் கிடையாது. கோடையில் விடுதி வாடகை நன்றாக இறங்கும், அது ஒரு லாபம். ஆனால் குளோபல் வில்லேஜ் என்ற பொருட்காட்சித் திடலும் மிராக்கிள் கார்டனும் கோடையில் மூடியிருக்கும், அக்டோபர் வாக்கில்தான் திறப்பார்கள். கோடைச் சுற்றுலாப் பட்டியலில் இந்த இரண்டின் பெயரும் இருந்தால், பணம் கட்டுமுன் அதற்குப் பதிலாக எங்கே கூட்டிப்போவார்கள் என்று கேட்டுவிடுங்கள்.